பாதி ஞாபகத்தில் நிற்கும் பழைய நகைச்சுவைப் பதிவைத் தேடிப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

“அந்த வசனம் அப்படியே ஞாபகம் இருக்கு. யார் பேசினது, என்ன நாடகம்னுதான் தெரியலை.” பழைய நகைச்சுவைப் பதிவைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அந்த வசனமும் அப்படியே ஞாபகம் இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வெடித்த கடைசி வரி ஓரளவு சரியாக இருக்கும். அதற்கு முந்தைய கேள்வி, கேட்ட ஆள், நடந்த இடம் எல்லாம் வீட்டிலும் ஆபீஸிலும் சொல்லிச் சொல்லி நாமே செதுக்கிக்கொண்டவை. அதனால்தான் வசனத்தை யூடியூபில் தட்டிப் பார்த்துவிட்டு ‘எங்கேயும் இல்லை’ என்று பலர் கைகழுவி விடுகிறார்கள்.

ஜோக் ஓரிடத்தில் நிற்காது. நாடகத்தில் பிறந்தது பத்திரிகைத் துணுக்காகும், சினிமாவுக்குப் போகும், பட்டிமன்ற மேடையில் வேறொருவர் வாயில் வரும். பதிவு அப்படியில்லை. அது இசைத்தட்டோ, கேசட்டோ, வானொலி நாடாவோ, கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள். அதற்கு நீளம் உண்டு, எண் உண்டு, வெளியிட்ட கம்பெனி உண்டு. ஆகவே ஜோக்கை விட்டுவிட்டு அந்தப் பொருளைத் தேடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரே யோசனையின் மேல் நிற்பவை.

முதல் படி: எதையும் கேட்பதற்கு முன் எழுதுங்கள்

யூடியூபைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். இதே மாதிரியான நான்கு கிளிப்புகளைக் கேட்டுவிட்டால் எது பழைய ஞாபகம், எது இன்று காதில் விழுந்தது என்று பிரிக்க முடியாது. தாளில் இரண்டு பத்தி போட்டு, சத்தியம் செய்யத் தயாராக இருப்பதை ஒன்றிலும், ‘அப்படித்தான்னு நினைக்கிறேன்’ என்பதை இன்னொன்றிலும் எழுதுங்கள். முதல் பத்தியில் இரண்டே வரிதான் தேறும். அது போதும்.

எழுத வேண்டியது கதையை மட்டுமல்ல. எந்த வீட்டில் கேட்டீர்கள், எந்தப் பெட்டியில் கேட்டீர்கள், பள்ளி நாளா லீவு நாளா, ஜனங்கள் சிரிக்கும் சத்தம் கேட்டதா, நடுவில் யாராவது எழுந்து போய்த் திருப்பிப் போட்டார்களா என்பதையெல்லாம் எழுதுங்கள்.

கூட இருந்து கேட்ட பெரியவர்களிடம் விசாரிக்கும்போது பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். “சித்தப்பா, அது எஸ்.வி. சேகர் நாடகம்தானே?” என்று கேட்டால் “ஆமாம்ப்பா, அதேதான்” என்றுதான் வரும். அந்த ‘ஆமாம்’ எதற்கும் உதவாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“சித்தப்பா, அந்தக் கேசட்டை எங்கே வச்சுக் கேட்டோம்?”

“மாடி ரூம்ல. பெரிய டூ-இன்-ஒன் இருந்துச்சே.”

“நடுவுல திருப்பிப் போடுவோமா?”

“போடாம? அந்த டாக்டர் வர்ற இடத்துல டக்குனு நின்னுடும். நீதான் ஓடிப்போய் திருப்புவே.”

நாடகத்தின் பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் எவ்வளவு கிடைத்துவிட்டது பாருங்கள். டாக்டர் வரும் காட்சி முதல் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. சி-60 கேசட் என்றால் நாடகம் தொடங்கி 30 நிமிடம் ஆன இடம், சி-90 என்றால் 45 நிமிடம். ‘டக்குனு’ நின்றதென்றால் அது கடையில் வாங்கிய கேசட்டாக இல்லாமல், யாரோ வீட்டிலோ கடையிலோ பதிந்து கொடுத்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனி கேசட்டில் காட்சி முடியும் இடமாகப் பார்த்துத்தான் பக்கத்தை முடிப்பார்கள். அப்படியானால் உறையில் இருந்த படத்தை நினைவுபடுத்திப் பார்ப்பது வீண் வேலை.

இரண்டாம் படி: அது எந்த வகைப் பதிவு?

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். தமிழ் நகைச்சுவை நம் காதுக்கு வந்து சேர்ந்த பாதைகள் பல. பாதை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தாத்தா காலத்து கிராமபோன் என்றால் அது 78 சுற்று இசைத்தட்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பதியலாம். அதனால் நாடகங்களைப் பல தட்டுகளாகப் பிரித்து ‘செட்’டாக விற்றார்கள். ஏவி. மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தியதும், அது ஓடியன் தட்டுகளை வெளியிட்டதும் இந்தக் காலத்துக் கதை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. செட்டில் ஒரு தட்டு உடைந்து போயிருந்தால் உங்கள் வீட்டார் கேட்டது கதையின் நடுத்துண்டு மட்டுமே. ‘ஆரம்பமே இல்லாத வேடிக்கையான பேச்சு’ என்று யாராவது சொன்னால் இதை யோசித்துப் பாருங்கள்.

கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ மைக் செட்டில் கேட்டது என்றால் அது பெரும்பாலும் படத்தின் கதை வசனம். 1965-இல் வந்த திருவிளையாடலில் தருமியாக நாகேஷ் புலம்பும் காட்சியைப் படம் பார்க்காமலே ஒப்பித்தவர்கள் ஏராளம். 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசனம் கேசட்டாக டீக்கடை டீக்கடையாக ஓடியது. கதை வசனப் பதிவுக்காகப் படத்தை வெட்டிச் சுருக்குவார்கள் என்பதை மறக்க வேண்டாம். படத்தில் இருக்கும் காமெடி தட்டில் இல்லாமல் போகலாம். வானொலியில் வந்த ‘ஒலிச்சித்திர’த்துக்கும் இதே கதிதான்.

சிரிப்பலை கேட்டது, நடுநடுவே கைதட்டலில் வசனம் அமுங்கியது, நடிகர் ஒரு நொடி காத்திருந்து மறுபடி பேசினார் என்றால் சபா நாடகத்தின் மேடைப் பதிவு. எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா, கிரேசி மோகனின் கிரேசி கிரியேஷன்ஸ், மௌலி, காத்தாடி ராமமூர்த்தி, ஒய்.ஜி. மகேந்திரன் என்று குழுக்களின் பட்டியல் ஒன்றும் முடிவில்லாதது அல்ல. ஒவ்வொரு குழுவாகத் தட்டிக் கழித்துக்கொண்டே வரலாம்.

சிரிப்பலையே இல்லை, கதவு சாத்தும் சத்தமும் காலடிச் சத்தமும் அளவுக்கு மீறித் துல்லியமாக இருந்தன என்றால் வானொலி நாடகம். தெற்கு மாவட்டங்களிலும் கடற்கரை ஊர்களிலும் வளர்ந்தவர்கள் இலங்கை வானொலியைக் கணக்கில் சேர்க்காமல் தேடுவது பெரிய ஓட்டை. எஸ். ராம்தாஸ் குழுவினரின் ‘கோமாளிகள் கும்மாளம்’ அங்கே ஒலித்தது. பேச்சில் கொழும்பு வாடை, யாழ்ப்பாண வாடை, முஸ்லிம் பேச்சுவழக்கு என்று கலந்து வந்ததாக ஞாபகம் இருந்தால் சென்னை சபாக்களில் தேடிப் பயனில்லை.

ஒரே ஆண் குரல், ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல் ஒரு தகவல், கடைசியில் சிரிக்காமலே ஒரு ஜோக். இதற்கு முதலில் பார்க்க வேண்டியது தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’. பலர் இதை நாடகம் என்றே நினைத்துத் தேடுகிறார்கள், ஏனென்றால் அவர் சொன்ன குட்டிக்கதை மனதுக்குள் காட்சியாகப் பதிந்துவிட்டது. பாட்டு பாடிப் பாடி நடுவே கிண்டல் வந்தால் திண்டுக்கல் ஐ. லியோனியின் பட்டிமன்றக் கேசட்டுகளை ஒரு பார்வை பாருங்கள்.

மூன்றாம் படி: காலத்தைப் பிடியுங்கள்

ஜோக்கின் உள்ளேயே காலம் ஒளிந்திருக்கும். நகைச்சுவைக்கு அன்றாட விஷயம்தான் தீனி. வீட்டில் டிவி இருப்பதை வைத்து ஜோக் என்றால் அது அநேகமாக 1975-க்குப் பிந்தையது, சென்னைத் தொலைக்காட்சி அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் ஆரம்பித்தது. கலர் டிவி என்றால் 1982-க்குப் பிறகு. டாஸ்மாக் கடையில் வரிசையில் நிற்கும் ஜோக் 2003-க்கு முன் இருக்க முடியாது, சில்லறை விற்பனை அரசு கைக்கு வந்ததே அப்போதுதான். அணாவுக்குப் பதில் வந்த நயா பைசா குழப்பத்தை வைத்துக் கிண்டல் என்றால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு.

‘நாலணா’, ‘எட்டணா’ என்ற சொற்களை நம்பி ஏமாற வேண்டாம். அணா போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. 25 பைசா நாணயம் செல்லாது என்று அறிவித்த 2011 வரை அது ‘நாலணா’தான்.

இந்தக் கணக்கெல்லாம் ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே சொல்லும். மேடை நாடகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நாடகத்தை ஆண்டுக்கணக்கில் போடுவார்கள். அன்றைய பேப்பரில் வந்ததை அன்று மாலையே வசனத்தில் சேர்ப்பார்கள். சோ ராமசாமியின் முகமது பின் துக்ளக் 1968-இல் மேடை ஏறியது, 1971-இல் படமானது. நீங்கள் கேட்ட அரசியல் கிண்டல் ஒரு வடிவத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கிடைத்த பதிவில் அந்த வரி இல்லை என்பதால் நாடகமே வேறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வீட்டில் ரேடியோவிலிருந்து பதிந்த கேசட் என்றால் நகைச்சுவைக்கு முன்னும் பின்னும் இருப்பதைக் கேளுங்கள். செய்தி அறிக்கையின் முதல் வரி, ஒரு விளம்பரப் பாட்டு, புதுப்படத்தின் விளம்பரம் எது மாட்டினாலும் ஆண்டை நெருங்கிவிடலாம். உள்ளே இருக்கும் நாடகத்தைவிட அந்த அரை நிமிடம்தான் அதிகம் பேசும்.

நான்காம் படி: பெயர்களைச் சந்தேகியுங்கள்

பழைய ஜோக் எல்லாம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தலையில், வார்த்தை விளையாட்டு எல்லாம் கிரேசி மோகன் தலையில், எகத்தாளமெல்லாம் கவுண்டமணி தலையில் என்று ஏற்றிவிடுவது நம் வழக்கம். உங்கள் தாளில் நடிகர் பெயர் முதல் பத்தியில் இருந்தால் அதை இரண்டாம் பத்திக்கு மாற்றுங்கள்.

கிரேசி மோகன் நாடகம் என்று உறுதியாகத் தெரிந்தாலும் பாத்திரப் பெயரை வைத்துத் தேட முடியாது. மாது, சீனு, ஜானகி எல்லாரும் நாடகத்துக்கு நாடகம் வருவார்கள். ‘மாது’ என்று ஞாபகம் இருப்பது, எம்.ஜி.ஆர். படத்தில் எம்.ஜி.ஆர். இருந்தார் என்பது மாதிரி. கதையின் சிக்கல் என்ன, யார் யாராக வேஷம் போட்டார்கள் என்பதுதான் உதவும். மோகனுக்கு ‘கிரேசி’ பட்டம் வாங்கிக் கொடுத்த ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தை மேடையேற்றியது எஸ்.வி. சேகரின் குழு. எழுதியவரும் போட்டவரும் வேறு வேறாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகம் கே. பாலசந்தர் கையில் 1983-இல் ‘பொய்க்கால் குதிரை’ என்ற படமானது. கேசட்டில் கேட்டதாக நினைப்பது ஒருவேளை படத்தில் பார்த்ததாகவும் இருக்கும்.

கவுண்டமணி, செந்தில் காமெடிக்கு வேறு வழி. அவர்கள் பகுதி பல படங்களில் கதையோடு ஒட்டாத தனி டிராக். ஏ. வீரப்பன் போன்றவர்கள் அதைத் தனியாக எழுதிக் கொடுத்தார்கள். அதனால் படத்தின் கதை ஞாபகம் இருந்தும் பயனில்லை. கவுண்டமணி என்ன தொழில் செய்தார், சண்டை எந்தப் பொருளை வைத்து வந்தது என்ற இரண்டையும் பிடியுங்கள். சைக்கிள் கடை, பெட்ரோமாக்ஸ் விளக்கு என்ற இரண்டே சொல் 1984-இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

என்.எஸ். கிருஷ்ணன் பதிவு என்றால் ஒரு இடைவெளியை மனதில் வையுங்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதானவர் 1947-இல்தான் வெளியே வந்தார், மறைந்தது 1957-இல். ‘தாத்தா 1946-இல் வாங்கிய புதுத் தட்டு’ என்று வீட்டில் சொன்னால், தட்டு பழையது அல்லது ஆண்டு தவறு.

இதுவரை சொன்னதை ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். ஒருவருக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்: ‘பாகவதர் மாதிரி கதை சொல்கிறார், ஆனால் சாமி கதை இல்லை, ஒரு பையன் ரயில் ஏறிப் பட்டணம் போகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள்.’ வடிவம் கதாகாலட்சேபம், தொனி கிண்டல். நந்தனார் சிதம்பரம் போகத் துடித்த இடத்தில் இங்கே ஒருவன் படிப்புக்காகப் பட்டணம் போகிறான். நந்தனாரைத் திருப்பிப் போட்டால் கிந்தனார். கலைவாணரின் கிந்தனார் காலட்சேபம் 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இருக்கிறது. இதில் ஒரு வசனம்கூட நமக்குத் தேவைப்படவில்லை.

ஐந்தாம் படி: இணையத்தில் தேடும் விதம்

தமிழிலும் தேடுங்கள், ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். சபா நாடகங்களுக்கு ஆங்கிலத் தலைப்பு வைப்பது ஒரு காலத்து மோகம். மௌலியின் ‘ஃப்ளைட் 172’ ஒன்று போதும் சாட்சிக்கு. பதிவேற்றியவர் அதைத் தமிழில் எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். நடிகர் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். நாலையும் போட்டுப் பாருங்கள். ‘நாடகம்’ என்ற சொல்லுக்கே ஆங்கில எழுத்தில் மூன்று எழுத்துக்கூட்டல் புழங்குகிறது.

யூடியூபில் நீளத்தை வைத்து வடிகட்டும் வசதியை மறக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு மேற்பட்டவை மட்டும் என்று போட்டால் கிளிப்புகளும் மீம்களும் ஒழிந்து முழு நாடகங்கள் மிஞ்சும். தலைப்பில் போட்டிருக்கும் பெயரை நம்பாமல், முன்பே கணக்குப் போட்ட நிமிடத்துக்குத் தாவுங்கள். டாக்டர் காட்சி முப்பதாவது நிமிடத்துக்கு அருகில் வருகிறதா என்று பார்த்தால் ஒரு நாடகத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. தானியங்கி வசன எழுத்து இருக்கும் வீடியோவில் அந்த எழுத்தைத் திறந்து, ஜோக்கின் வரியைத் தேடாமல், அபூர்வமான ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள்: ஊர்ப் பெயர், மருந்துப் பெயர், பலகாரத்தின் பெயர்.

ஆறாம் படி: இணையத்துக்கு வெளியே

படம் சார்ந்தது என்றால் பாட்டுப் புத்தகம் தேடுங்கள். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் அந்தக் கதைச் சுருக்கத்தைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் அதே புத்தகத்தில்தான் நகைச்சுவை நடிகர்கள் என்னென்ன பாத்திரம் ஏற்றார்கள் என்ற பட்டியல் இருக்கும். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும், நாடக நோட்டீஸ்களும், இசைத்தட்டுகளும் உண்டு. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்தது 1994-இல் நூலகமானது. போகும் முன் எழுதிக் கேளுங்கள். என்ன தேடுகிறீர்கள் என்பதை உங்கள் முதல் பத்தியிலிருந்து இரண்டு வரியில் சொல்லுங்கள்.

நாடகம் என்றால் பழைய விகடன், கல்கி, குமுதம் இதழ்களின் நாடக விமர்சனங்கள் நல்ல துணை. விமர்சகர் வழக்கமாகவே நல்ல ஜோக் ஒன்றிரண்டை எடுத்துப் போடுவார். அதில் உங்களுடையது இருந்தால் தலைப்பு, தேதி, குழு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்த மாதிரி. கன்னிமாரா நூலகத்தில் கட்டு கட்டாகப் புரட்டப் பொறுமை வேண்டும்.

பழைய தட்டும் கேசட்டும் விற்கும் இடங்களைப் பற்றி நிறையக் கனவு வேண்டாம். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. அல்லிக்குளம் வளாகத்திலும் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளிலும் எப்போதாவது அதிர்ஷ்டம் அடிக்கும். அதைவிட, ஒரு காலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவர்களின் வீட்டுப் பரண் மேல் நம்பிக்கை வைக்கலாம். கதை வசனக் கேசட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்கள் அவர்கள்தான்.

ஏழாம் படி: கையில் கிடைத்ததும் உடனே ஓட்டாதீர்கள்

கேசட்டை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடா ஓடும் திறப்பின் நடுவே, சின்னத் தகட்டு ஸ்பிரிங் மேல் ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். அதுதான் நாடாவை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது. பல ஆண்டு ஆனால் பசை காய்ந்து அது விழுந்துவிடும். அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் மங்கும், நாடகமே மோசமான பதிவு என்று நினைத்துவிடுவீர்கள். ஸ்க்ரூ போட்ட கேசட் என்றால் திறந்து, நாடாவை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். பிறகு ஒரு முறை முழுக்க முன்னோட்டி, முழுக்கப் பின்னோட்டி, அதன்பிறகே போடுங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் போடவே வேண்டாம். விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் எதுவும் பதியாது.

78 சுற்றுத் தட்டுக்கு வேறு விதி. அதன் பள்ளம் அகலம், எல்பி தட்டின் ஊசி அதற்குப் பொருந்தாது, 78-க்கென்று இருக்கும் பருத்த ஊசி வேண்டும். கேசட் ஹெட்டை ஆல்கஹாலால் துடைப்பது சரி. அதே ஆல்கஹாலை அரக்கால் செய்த இந்தத் தட்டில் வைத்தால் அரக்கு கரையும். தட்டில் ஒட்டிய தாளில் இருக்கும் எண்ணைத் தவிர, தாளுக்கு வெளியே அரக்கிலேயே பதித்த இன்னொரு எண் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தாள் கிழிந்துபோன தட்டுக்கு அந்த இரண்டாவது எண்தான் ஜாதகம்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். முதலில் வேவ் கோப்பாக ஒரு பிரதி, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டுக்குக் குறையாமல். இரைச்சலை நீக்குவதெல்லாம் அதன் நகலில் செய்யுங்கள். சிரிப்பலை இருக்கும் பதிவில் இரைச்சல் நீக்கியை அதிகம் ஓட்டினால் ஜனங்கள் தண்ணீருக்குள்ளிருந்து சிரிப்பது போல் ஆகிவிடும்.

எட்டாம் படி: இதுதானா அது?

முதல் பத்தியில் எழுதிய வரிகளோடு ஒப்பிடுங்கள். அவை பொருந்தி, இரண்டாம் பத்தி பொருந்தாமல் போனால் கவலை வேண்டாம், பெரும்பாலும் அப்படித்தான் அமையும். அதே நாடகம், வேறு நாள் பதிவு என்பதும் நடக்கும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடிகர் தடுமாறியது, யாரோ இருமியது, கைதட்டல் நீண்டது போன்றவை ஒத்துப்போனால் அதே பதிவு. வசனம் மட்டும் ஒத்துப்போனால் அதே நாடகம். தேடியது எது என்பதைப் பொறுத்து அங்கே நிறுத்தலாம், அல்லது தொடரலாம்.

பொதுவில் ஏற்ற நினைத்தால் சட்டத்தைப் பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. எழுதியவரின் வசனத்துக்குத் தனிக் கணக்கு: அவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. தட்டின் காலம் முடிந்தும் வசனத்தின் காலம் முடியாமல் இருக்கும். நாடகக் குழு இன்னும் இயங்குகிறது என்றால் நேரே கேட்டுவிடுவதே மேல். தங்களிடமே இல்லாத பழைய பதிவு வெளியே கிடைத்தது என்றால் பல கலைஞர்கள் சந்தோஷப்படவே செய்வார்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘சூப்பர் காமெடி 2’ என்று வைக்காதீர்கள். தலைப்பு, குழு, எழுதியவர், எதிலிருந்து எடுத்தது, எந்தப் பக்கம், தட்டு எண், ஆண்டு. ஆண்டு தெரியவில்லை என்றால் ‘1975-க்குப் பின்’ என்று தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதி, அப்படி முடிவுக்கு வந்த காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.